காலின் இரண்டாம் விரல்

கால் ஆணி என்று சொல்லிக்கொண்டு வைத்தியரிடம் வருகிறவர்களில் ஒரு பகுதியினருக்கு உண்மையில் வந்திருக்கும் கோளாறு ஆணியன்று. காலின் இரண்டாவது விரலின் முதுகில், நடுமூட்டுக்கு நேர் மேலே, மிளகளவுக்குத் தடித்து மஞ்சளித்துப்போய், செருப்பின் வார் உராயும்போதெல்லாம் உயிரை வாங்குகிற அந்தக் காய்ப்பை அவர்கள் வெந்நீரில் ஊறவைத்து, பிளேடால் சீவி, மருந்துக்கடையில் வாங்கிய கார்ன் கேப்பை அதன்மீது ஒட்டி, சில நாள் நிம்மதியாக நடந்து, மறுபடியும் அதே இடத்தில் அதே காய்ப்பு தலைகாட்டக் கண்டு, இது வேரோடு போகாத சாதி என்று தீர்மானித்திருப்பார்கள். ஆணிக்கு வேர் என்று ஒன்று கிடையாது. இறந்துபோன தோல் அடுக்கடுக்காகச் சேர்ந்து, கூம்பு வடிவில் உள்நோக்கி அழுத்துவதைத்தான் வேர் என்று நம்பி நாம் தோண்டிக்கொண்டிருக்கிறோம். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இந்த விஷயத்துக்கு நன்றாகப் பொருந்தும். இடைவிடாமல் உராய்வு நேரும் இடத்தில் தடித்துக்கொள்வது தோலின் சுபாவம். அது தன் கடமையைச் செய்கிறது. குற்றமெல்லாம், தரையோடு தரையாகப் படுத்திருக்க வேண்டிய விரல், நடுவில் மடங்கி முட்டியை மேலே தூக்கிக்கொண்டு நிற்பதில் இருக்கிறது.

இப்படி மடங்கி நிற்கும் விரலைச் சுத்தியல் விரல் என்கிறார்கள். ஆங்கில வைத்தியர்கள் வாயில் இது ஹாமர் டோ. பெருவிரலுக்கு இரண்டு எலும்பும், மற்ற நான்கு விரல்களுக்கு மூன்று மூன்று எலும்புமாக, ஒரு பாதத்தின் 26 எலும்புகளில் 14 எலும்புகள் விரல்களுக்கே சொந்தமாக இருப்பதால், விரல் ஒவ்வொன்றிலும், பெருவிரல் நீங்கலாக, அடிமூட்டு, நடுமூட்டு, நுனிமூட்டு என்று மூன்று கீல்கள் அமைந்திருக்கின்றன. இவற்றுள் நடுமூட்டு கீழ்நோக்கி மடங்கிக்கொள்ள, அடிமூட்டு சற்றே மேல்நோக்கி வளைய, நுனிமூட்டு நேராகவோ சிறிது நிமிர்ந்தோ இருப்பதுதான் சுத்தியல் விரல். அடிமூட்டு நன்றாக மேலே எழும்பி, மற்ற இரண்டு மூட்டுகளும் கீழே மடங்கி, விரல்நுனி தரையைப் பிராண்டுவதற்கு ஆயத்தமானாற்போல் நின்றால் அது க்ளா டோ. நுனிமூட்டு மட்டும் மடங்கினால் மேலட் டோ. வகைகளைப் பிரித்துப் பெயரிடுவதில் வைத்தியர்களுக்குள் ஒற்றுமை இல்லை. ஒரே விரலை ஒருவர் சுத்தியல் என்பார், மற்றவர் வேறு பெயர் சொல்வார். நோயாளிக்கு இதனால் பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை. எந்த மூட்டு எந்தப் பக்கம் வளைந்திருக்கிறது, கையால் நிமிர்த்தினால் நிமிர்கிறதா என்ற இரண்டும் தெரிந்தால் போதும்.

விரல் ஏன் இப்படி மடங்க வேண்டும் என்ற கேள்விக்கு விடை விரலில் அகப்படாது. நாற்காலியில் அமர்ந்து, கால் விரல்களை மேலே தூக்குவதும் கீழே மடக்குவதுமாக இருக்கும் ஒருவர், தம் உள்ளங்கையை முழங்காலுக்குக் கீழே முன்புறத்திலும் பிறகு கெண்டைச் சதையின் உட்புறத்திலும் வைத்துப் பார்த்தால், அசைவது விரலாக இருக்க, உழைப்பது அதற்கு ஒரு முழத்துக்கு அப்பால் உள்ள தசையாக இருப்பதைத் தாமே உணரலாம். பொம்மலாட்டத்தில் பொம்மையின் கை மேலே திரைக்குப் பின்னால் நிற்பவனுடைய கயிற்றினால் அசைவதுபோல், விரல்களை நிமிர்த்தும் நெடுந்தசையும் மடக்கும் நெடுந்தசையும் காலில் குடியிருந்துகொண்டு, கணுக்காலைச் சுற்றி நீளமான நாண்களை அனுப்பித் தங்கள் காரியத்தை நடத்துகின்றன. இவை இரண்டும் பலசாலிகள். ஆனால் இவற்றின் பலத்தை மட்டும் நம்பி ஒரு விரல் நேராக நின்றுவிட முடியாது. பாதத்துக்கு உள்ளேயே, உள்ளங்கால் சதையின் ஆழத்தில், எலும்புகளுக்கு இடையே பதுங்கிய ஏழும், மண்புழு அளவேயுள்ள நான்குமாகச் சில குறுந்தசைகள் இருக்கின்றன. அடிமூட்டைக் கீழே அழுத்திப் பிடித்துக்கொண்டு, அதே சமயத்தில் நடுமூட்டையும் நுனிமூட்டையும் நிமிர்த்தி வைப்பது இவற்றின் உத்தியோகம். ஒரு மூட்டை மடக்கி இரண்டு மூட்டை நிமிர்த்தும் இந்த விசித்திரமான சாமர்த்தியம் அந்தப் பெரிய தசைகளுக்குக் கிடையாது.

சின்னஞ்சிறு தசைகளுக்கு இவ்வளவு பொறுப்பு உண்டென்பதை விளக்கியவர்களுள் முதன்மையானவர், பாரிஸ் நகரத்து ஆஸ்பத்திரிகளில் மின்சாரப் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வார்டு வார்டாக அலைந்த துஷேன் என்ற பிரெஞ்சு வைத்தியர். 1806-இல் பிறந்து 1875-இல் மறைந்த அவர், உயிருள்ள மனிதரின் தோல்மீது மின்முனைகளை வைத்துத் தசைகளை ஒவ்வொன்றாகத் துள்ளவைத்து, எந்தத் தசை எந்த மூட்டை எப்படி இழுக்கிறது என்று பல்லாண்டு காலம் குறித்துவைத்து, 1867-இல் பெரிய நூலாக வெளியிட்டார். அதுவரை பிணத்தை அறுத்து, நாணைப் பிடித்து இழுத்து ஊகித்துவந்த விஷயங்கள் பல, அவருடைய சோதனைக்குப் பிறகு தலைகீழாக மாறின. எலும்புகளுக்கு இடையே உள்ள தசைகள் செத்துப்போன கையும் காலும் பறவையின் நகத்தைப் போல வளைந்துகொள்வதை அவர் கண்டு, வளைவுக்குக் காரணம் வலுத்த தசை அல்ல, அதற்கு எதிர்நின்று தாங்க வேண்டிய தசை இல்லாமற்போனதுதான் என்று காட்டினார்.

விரலின் அமைப்பைச் சற்று உற்றுப் பார்த்தால் இதன் நியாயம் விளங்கும். மடக்கும் நெடுந்தசையின் நாண் விரலின் கடைசி எலும்பில் போய்ப் பற்றுகிறது. உள்ளங்காலிலிருந்து வரும் மற்றொரு மடக்குத் தசை நடு எலும்பில் பற்றுகிறது. முதல் எலும்பை நேராகப் பிடித்துக் கீழே இழுக்கும் மடக்கு நாண் ஒன்றுமில்லை. ஆகவே குறுந்தசைகள் தளர்ந்த மாத்திரத்தில் முதல் எலும்பு கேட்பாரற்று மேலே எழும்புகிறது. அது எழும்பியதும், நிமிர்த்தும் நெடுந்தசையின் இழுவை முழுவதும் அடிமூட்டிலேயே செலவழிந்துவிடுகிறபடியால், நடுமூட்டை நிமிர்த்த அதனிடம் மிச்சம் ஒன்றும் இருப்பதில்லை. கீழே செல்லும் மடக்கு நாணோ, முதல் எலும்பு உயர்ந்ததனால் முன்னைவிட நீண்ட வழியைச் சுற்றிவர வேண்டியதாகி, விறைத்து, நடுமூட்டை மேலும் மடக்குகிறது. மடங்கிய நடுமூட்டு முதல் எலும்பைப் பின்னோக்கித் தள்ளி அடிமூட்டை இன்னும் உயர்த்துகிறது. ஒன்றின் குற்றம் மற்றொன்றை வளர்க்க, மற்றொன்றின் குற்றம் முன்னதை வளர்க்க, போதாக்குறைக்கு அடிமூட்டைக் கீழே அழுத்த வேண்டிய குறுந்தசைகளின் நாண்கள் மூட்டின் அச்சைத் தாண்டி மேலேறி, எதிரி பக்கம் சேர்ந்துகொண்டு, அதே மூட்டை மேலே இழுக்கத் தொடங்கிவிடுகின்றன. இந்த நிலைக்கு வந்துவிட்ட விரலைப் பார்த்து, ஆரம்பித்துவைத்தது யார் என்று கேட்பது, குடும்பச் சண்டையில் முதலில் பேசியவர் யார் என்று விசாரிப்பதற்குச் சமானம்.

இதன் பலன் விரலோடு நிற்பதுமில்லை. பாதத்தின் நீண்ட எலும்புகளின் தலைகள் தரையில் ஊன்றும் இடத்தில் மெத்தென்ற ஒரு கொழுப்புத் திண்டை இயற்கை வைத்திருக்கிறது. அடிமூட்டு மேலெழும்பும்போது விரல் அந்தத் திண்டையும் தன்னோடு முன்னே இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. எலும்பின் தலையோ கீழே அழுத்தப்படுகிறது. திண்டு போன இடத்தில் எலும்பு தரையை இடிக்க, அங்கேயும் ஒரு காய்ப்பு உண்டாகிறது. விரலின் முதுகில் ஒன்று, விரல் நுனியில் ஒன்று, உள்ளங்காலில் ஒன்று என மூன்று இடத்தில் காய்ப்பு கண்ட காலை வைத்தியர் பார்த்தால், நோயாளி வாய் திறக்குமுன்பே விரலின் சரித்திரத்தைச் சொல்லிவிடலாம்.

ஐந்து விரல்களில் இந்தச் சங்கடம் இரண்டாவதற்கே அதிகமாக நேர்கிறது. அதற்கு ஒரு காரணம் நீளம். சிலருடைய காலில் பெருவிரலை முந்திக்கொண்டு இரண்டாம் விரல் நீண்டிருக்கும். அப்படி நீண்டிருக்கும் பெண் கணவனை அடக்கி ஆள்வாள் என்று நம் பாட்டிமார்கள் மணப்பெண்ணின் காலைப் பார்த்துக் குசுகுசுப்பது உண்டு. கணவன் அடங்கினானோ இல்லையோ, முன்புறம் குறுகிய ஷூவுக்குள் நுழைந்தவுடன் அந்த விரல் அடங்க வேண்டியிருக்கிறது; நீட்டிக்கொள்ள இடமில்லாத விரல் மடங்கித்தானே தீர வேண்டும்? மற்றொரு காரணம் அண்டை வீட்டாருடையது. பெருவிரல் தன் நேர்கோட்டை விட்டு உட்பக்கம் சாய்ந்து, அதன் அடியில் பக்கவாட்டில் எலும்பு புடைத்துக்கொண்ட பாதங்களில், சாய்ந்த பெருவிரல் இரண்டாம் விரலின் இடத்தை ஆக்கிரமித்து, அதை மேலே ஏறிக்கொள்ளும்படி செய்துவிடுகிறது. இத்தகைய பாதத்தில் இரண்டாம் விரலை மட்டும் நிமிர்த்திவைப்பதில் பிரயோஜனமில்லை. இடத்தைப் பிடித்துக்கொண்டவனைக் கிளப்பாமல் இடத்துக்குரியவனை எங்கே உட்காரவைப்பது?

நம் நாட்டுப் பெண்கள் மெட்டி அணிவதும் இதே விரலில்தான். மெட்டியினால் விரல் மடங்குவதில்லை. ஆனால் மடங்கி வீங்கிய விரலில் பழைய மெட்டி இறுகிக்கொண்டு வருத்துவது உண்டு. சுற்று மூடாத மெட்டியானால் சற்றே விரித்துத் தளர்த்திக்கொள்ளலாம். சிகிச்சைக்காக அதைக் கழற்ற வேண்டியிருந்தால், மேஜையில் படுக்கவைத்த பிறகு நர்ஸ் வந்து கேட்பதைக் காட்டிலும், முதல் நாளே வைத்தியர் பக்குவமாகச் சொல்லிவைப்பது நல்லது. அந்த வெள்ளி வளையத்துக்குள் எத்தனை மனக்கிலேசம் அடங்கியிருக்கிறது என்பதை வைத்தியப் புத்தகங்கள் சொல்வதில்லை.

பாதரட்சையின்மீது குற்றம் சாட்டுவது புதிய வழக்கமன்று. டச்சு தேசத்துச் சரீர சாஸ்திரியான பெட்ரஸ் காம்பர் என்பவர், குதிரைக்கும் கோவேறு கழுதைக்கும் லாடம் அடிப்பதில் இத்தனை யோசனை செய்யும் மனிதர் தம்முடைய காலுக்கு ஏற்ற ஜோடு எது என்று யோசிப்பதில்லையே என நொந்து, 1781-இல் நல்ல பாதரட்சையின் லட்சணத்தைப் பற்றித் தனி நூலே எழுதினார். சூரிச் நகரத்து ஹெர்மன் வான் மையர் 1858-இல், பெருவிரலின் நடுவழியாக ஒரு கோடு போட்டால் அது குதிகாலின் மையத்தில் போய் முடியவேண்டும், அந்தக் கோட்டுக்கு இடம் கொடுக்கிற ஜோடுதான் ஜோடு என்று விதி வகுத்தார். ஐரோப்பாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கம்வரையில் வலக்கால், இடக்கால் என்ற பேதமே இல்லாமல் ஒரே அச்சில் தைத்த ஜோடுகள் சர்வ சாதாரணமாக விற்பனையாயின என்பதை நினைத்தால், அவர்களுடைய கோபம் நியாயமானதென்றே தோன்றும். 1958-இல் ஹாங்காங்கில் சிம்-ஃபுக், ஹாட்ஜ்சன் என்ற இருவர், ஷூ அணிந்து நடமாடும் சீனர்களின் பாதங்களையும், படகுகளிலேயே வாழ்ந்து வெறுங்காலோடு பழகிய சீனர்களின் பாதங்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். முன்னவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குப் பெருவிரல் உட்சாய்ந்திருந்தது. பின்னவர்களில் நூற்றுக்கு இருவருக்குத்தான் அவ்வாறிருந்தது. இரத்தமும் இனமும் ஒன்றாயிருக்க, வேறுபட்டது ஷூ ஒன்றே.

குதி உயர்ந்த ஷூ இரட்டைக் குற்றவாளி. குதிகாலைத் தூக்கி நிறுத்தியதும் சரீரத்தின் பாரம் சரிந்து முன்பாதத்தில் இறங்க, பாதம் வழுக்கி முன்னேபோய்க் கூர்முனையில் முட்டிக்கொள்கிறது. அதே சமயம் அடிமூட்டுகள் நாள் முழுவதும் மேல்நோக்கி வளைந்தே நிற்கின்றன. பெண்களிடம் சுத்தியல் விரல் அதிகம் காணப்படுவதற்கு இது ஒரு பெரிய காரணம். ஆனால் நம் ஊரில் முன்னும் பின்னும் திறந்த செருப்பு அணிகிறோமே, நமக்கு இந்தக் கவலை வேண்டாமே என்று கேட்பவர்கள், வீட்டிலுள்ள பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் கறுப்பு ஷூவை எடுத்துப் பார்க்கலாம். ஜூன் மாதத்தில் வாங்கியது அடுத்த ஜூன்வரை தாங்கவேண்டும் என்பது குடும்பத்தின் பொருளாதாரம். ஓராண்டுக் காலம் வளராமல் காத்திருப்பது பிள்ளையின் காலுக்குத் தெரியாது. ஷூவுக்குள் பிள்ளையின் விரல்கள் நீண்டிருக்கின்றனவா, மடங்கியிருக்கின்றனவா என்று வெளியிலிருந்து தெரிந்துகொள்ள ஒரு சுலபமான வழி உண்டு. பிள்ளையை வெறுங்காலோடு ஒரு காகிதத்தில் நிற்கவைத்து, பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு வரைந்து, அதன்மேல் ஷூவை வைத்துப் பாருங்கள். கோடு ஷூவுக்கு வெளியே தெரிந்தால், தெரியும் அளவுக்குப் பாதம் உள்ளே நசுங்குகிறது என்று அர்த்தம். பெரியவர்களுக்கும் இந்தச் சோதனை செல்லும்.

எல்லாப் பழியையும் ஷூவின் தலையில் கட்டிவிடுவதும் தகாது. நரம்பு கெட்டால் குறுந்தசை கெடும். குறுந்தசை கெட்டால், ஆயுள் முழுவதும் வெறுங்காலோடு நடந்தவனுக்கும் விரல் வளையும். 1886-இல் ஷார்க்கோ, மாரி என்ற பிரெஞ்சுக்காரர்களும் டூத் என்ற ஆங்கிலேயரும் விவரித்த, அவர்கள் மூவருடைய பெயராலேயே வழங்குகிற பரம்பரை நரம்பு வியாதியில், பாதம் குழிந்து விரல்கள் வளைவது முதல் அடையாளங்களில் ஒன்று. வாதம் முற்றி மூட்டுகள் அழியும் ருமடாய்டு வியாதியிலும் விரல்கள் இடம் பெயர்கின்றன. ஆனால் நரம்புக்கும் வளைந்த விரலுக்கும் உள்ள உறவை ஆழமாக ஆராய்ந்த இடம் என்று தேடினால், அது வெகுதூரத்தில் இல்லை, வேலூரில் இருக்கிறது.

கொல்லிமலைப் பாதிரிமார் குடும்பத்தில் 1914-இல் பிறந்து, சிறுவயதிலேயே படிப்புக்காக இங்கிலாந்து சென்று, ரண சிகிச்சையில் தேர்ச்சி பெற்று 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்ட், செங்கல்பட்டுக்கு அருகே திருமணியிலிருந்த தொழுநோய் ஆஸ்பத்திரிக்கு டாக்டர் காக்ரேனைக் காணச் சென்றபோது, வளைந்து முடங்கிய கையுடைய நோயாளி ஒருவரிடம் தம் கையை இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். விளங்காத கையில் வலு எங்கே இருக்கப்போகிறது என்று எண்ணியிருந்தவருக்கு, அந்தப் பிடி வலிக்கிற அளவுக்கு இருந்தது. நோய் அந்தக் கையின் தசைகளையெல்லாம் கொன்றுவிடவில்லை. உள்ளங்கையின் குறுந்தசைகளை மட்டும் கொன்று, முன்கையின் நெடுந்தசைகளைத் தொடாமல் விட்டிருந்தது. துஷேன் மின்சாரத்தால் அறிந்ததை பிராண்ட் ஒரு கைகுலுக்கலில் அறிந்தார் என்று சொன்னால் மிகையாகாது. உயிரோடிருக்கும் நெடுந்தசையின் நாணை எடுத்து, செத்த குறுந்தசையின் வேலைக்கு மாற்றிக் கட்டினால் விரல் நிமிரும் என்ற யோசனை அங்கிருந்து பிறந்து, வேலூரிலும், பின்னர் 1955 முதல் அருகிலுள்ள கரிகிரியிலும், ஆயிரக்கணக்கான கைகளுக்கும் கால்களுக்கும் பலன் தந்தது. காலில் இதே உபத்திரவத்தைச் செய்வது உட்கணுக்காலுக்குப் பின்னால் தோலை ஒட்டி ஓடும் நரம்பு. தொழுநோய் அதைத் தாக்கும்போது உள்ளங்காலின் குறுந்தசைகள் வாடி விரல்கள் வளைவதோடு, உள்ளங்காலின் உணர்ச்சியும் போய்விடுகிறது.

இரண்டும் ஒருங்கே நேர்வதுதான் பயங்கரம். உணர்ச்சியுள்ள காலில் சுத்தியல் விரல் ஓர் அசௌகரியம். உணர்ச்சியற்ற காலிலோ அது புண்ணுக்கு வாசல். விரல் நுனி ஒவ்வோர் அடிக்கும் தரையில் குத்துகிறது. வலித்தால் மனிதன் நொண்டுவான், நொண்டினால் விரல் பிழைக்கும். வலிக்காதபடியால் அவன் கம்பீரமாக நடக்கிறான். தோல் கிழிந்து, சீழ் பிடித்து, எலும்புவரை புண் இறங்குகிறது. தொழுநோயாளியின் விரல்கள் நோயினால் தாமாகவே அழுகி விழுகின்றன என்று உலகம் நம்பியிருந்த காலத்தில், அப்படியன்று, வலியறியாத காலில் ஓயாமல் நேரும் காயங்களே விரல்களைத் தின்கின்றன என்று பிராண்டும் அவருடைய சகாக்களும் நிலைநாட்டினார்கள். அதன் விளைவாக அவர்கள் கத்தியோடு நில்லாமல் செருப்பு தைக்கவும் இறங்கி, நுண்ணிய காற்றறைகள் நிறைந்த மிருதுவான ரப்பர் பலகையை அடியில் வைத்த செருப்பைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

இன்று அந்தப் பாடம் தொழுநோயாளரைவிடச் சர்க்கரை நோயாளருக்கே அதிகம் தேவைப்படுகிறது. பல்லாண்டுச் சர்க்கரை, பாதத்தின் உணர்ச்சி நரம்புகளையும் குறுந்தசைகளுக்குப் போகும் நரம்புகளையும் சேர்த்தே அரிக்கிறது. பத்து கிராம் அழுத்தத்தில் வளைந்துவிடும்படி செய்த ஒரு நைலான் இழையால் உள்ளங்காலைத் தொட்டு, தொட்டது தெரிகிறதா என்று கண்ணை மூடச்சொல்லிக் கேட்பது இதைக் கண்டுபிடிக்கும் எளிய பரீட்சை. தெரியவில்லை என்று சொல்லும் காலில், மேலே வர்ணித்த பிளேடும் கார்ன் கேப்பும் படவே கூடாது. கார்ன் கேப்பில் உள்ள சாலிசிலிக் அமிலம் தடித்த தோலை மட்டும் கரைத்து நல்ல தோலை விட்டுவைக்கும் விவேகம் உடையதன்று. எரிச்சலை உணராதவருக்கு, காலையில் உறையைக் கழற்றும்போதுதான் புண் கண்ணில் படும்.

சிகிச்சையைத் தீர்மானிக்கும் கேள்வி ஒன்றே: விரல் இளக்கமாக மடங்கியிருக்கிறதா, இறுகி மடங்கியிருக்கிறதா? இதை அறிய, நோயாளியை உட்காரவைத்து, காலைத் தொங்கவிடச் செய்து, வைத்தியர் தம் கட்டைவிரலால் உள்ளங்காலில், மடங்கிய விரலுக்கு நேர் பின்னால் உள்ள எலும்புத் தலையை மேல்நோக்கி அழுத்துகிறார். தரையில் நிற்கும்போது பாதத்துக்குக் கிடைக்கும் தாங்கலை அந்தக் கட்டைவிரல் கொடுக்கிறது. விரல் தானாக நிமிர்ந்தால் மூட்டு இளக்கமாக இருக்கிறது. அசையாமல் மடங்கியே இருந்தால், மூட்டின் உறையும் பந்தங்களும் சுருங்கி இறுகிவிட்டன. சிகாகோவில் புகழ்பெற்றிருந்த ஆர்மேனிய வைத்தியர் கெலிக்கியனின் பெயரால் வழங்கும் இந்தப் பரீட்சைக்கு இயந்திரம் ஒன்றும் வேண்டியதில்லை. மூட்டின் உறை ஒரே நாளில் இறுகுவதில்லை. வருஷக்கணக்கில் மடங்கியே இருந்ததன் பலன் அது. ஆகவே இளக்கமான விரல் என்பது, காலம் இன்னும் கைவிட்டுப் போகவில்லை என்பதற்கு அடையாளம்.

இளக்கமான விரலுக்கு முதல் மருந்து இடம். நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் விட்டு, முன்புறம் அகன்று, மேற்புறம் விரல்முட்டியைத் தொடாத உயரத்துடன், குதி தாழ்ந்த பாதரட்சையை, கால் சற்றே வீங்கியிருக்கும் மாலை வேளையில், நின்றுகொண்டு அணிந்து பார்த்து வாங்கவேண்டும். முட்டியின்மேல் சிலிக்கான் உறையோ பஞ்சுத் திண்டோ வைத்தால் உராய்வு குறையும். மடங்கிய விரல்களின் அடியில் உருளையான ஒரு திண்டை வைத்தால் நுனி தரையில் குத்துவது குறையும். விரலின் முதுகில் குறுக்கே போட்டு உள்ளங்காலுக்கு இழுத்து ஒட்டும் டேப், அடிமூட்டைக் கீழே பிடித்துவைக்கும். தரையில் விரித்த துண்டை விரல்களால் சுருட்டி இழுக்கும்படியும், விரலைக் கையால் நிமிர்த்திப் பிடிக்கும்படியும் சொல்வது வழக்கம். அவற்றால் கெடுதல் இல்லை, இளக்கம் காப்பதற்கு உதவும், ஆனால் இறுகிய மூட்டைத் துண்டு சுருட்டி நிமிர்த்தியவர் எவரும் இலர். இரவில் கட்டிக்கொள்ளும் பட்டைகளை விற்பவர்கள் சொல்லும் பெருமைகளைக் கேட்பவர்கள் இதை நினைவில் வைப்பது பணப்பைக்கு நல்லது. இவையெல்லாம் வலியைக் குறைக்கவும் வளைவு முற்றாமல் தடுக்கவும் வல்லவை. முற்றிய வளைவைத் திருப்ப வல்லவை அல்ல.

இத்தனை செய்தும் வலி தீராமலோ, புண் ஆறாமலோ இருந்தால்தான் கத்தியைப் பற்றிப் பேசவேண்டும். அதற்குமுன் பாதத்தின் நாடி பார்க்கப்படும். இரத்த ஓட்டம் குறைந்த காலில் சிறிய கீறலும் ஆறாது. இளக்கமான விரலுக்கு எலும்பைத் தொடாமல் நாணோடு முடித்துக்கொள்ளலாம். ஆக்ஸ்ஃபோர்டு நகரத்துக் கர்டில்ஸ்டோன் கையாண்டு, 1951-இல் டெய்லர் வெளியிட்ட முறையில், விரலை மடக்குகிற நெடுநாணை நுனியில் அறுத்து, விரலைச் சுற்றி மேலே கொண்டுவந்து, நிமிர்த்தும் நாணோடு தைத்துவிடுகிறார்கள். நடுமூட்டை மடக்கிக் கெடுத்த அதே தசை, அன்றுமுதல் அடிமூட்டைக் கீழே அழுத்தி, செத்த குறுந்தசையின் உத்தியோகத்தைப் பார்க்கிறது. சர்க்கரை நோயாளியின் மடங்கிய விரல் நுனியில் ஆறாத புண் இருக்கும்போது செய்வது இதைவிட எளிது: விரலின் அடியில் மரத்துப்போக ஊசி போட்டு, ஒரு தடித்த ஊசியின் முனையாலேயே மடக்கு நாணை அறுத்துவிடுகிறார்கள், தையல்கூட வேண்டியிருப்பதில்லை. விரல் நுனி தரையை விட்டு எழும்பியதும், மாதக்கணக்கில் ஆறாதிருந்த புண் ஆறத் தொடங்குவதைக் காணலாம்.

இறுகிய விரலுக்கு நாண் வேலை மட்டும் போதாது. நடுமூட்டின்மேல் தோலைக் கீறி, காய்ப்பையும் சேர்த்து எடுத்து, முதல் எலும்பின் தலையில் சில மில்லிமீட்டரை வெட்டி நீக்கினால், சுருங்கிய உறைக்குத் தளர்ச்சி கிடைத்து விரல் நேராகிறது. அந்த இடைவெளியை அப்படியே விட்டு நெகிழ்ந்த மூட்டாக ஆறவைப்பவர்களும் உண்டு. இரண்டு எலும்புகளையும் ஒட்டி ஒரே எலும்பாக இணையச் செய்பவர்களும் உண்டு. எப்படியானாலும் ஆறும்வரை விரல் அசையாதிருக்க, ஜெர்மானியரான மார்ட்டின் கிர்ஷ்னர் 1909-இல் கொண்டுவந்த மெல்லிய எஃகுக் கம்பி ஒன்று விரல் நுனியிலிருந்து உள்ளே செலுத்தப்பட்டு, நகத்துக்கு முன்னால் சிறிது வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பார்க்கிறவர்களுக்கு இது கோரமாகத் தெரியும். நோயாளிக்கு அதனால் வலி அதிகமில்லை. நான்கு முதல் ஆறு வாரம் கழித்து, மரத்துப்போகும் மருந்துகூட இல்லாமல், வெளிநோயாளிப் பிரிவிலேயே அதைப் பிடுங்கிவிடுவது வழக்கம். அதுவரை விரலில் தண்ணீர் படக்கூடாது, கட்டிலின் காலில் இடித்துக்கொள்ளவும் கூடாது. கம்பியின் வழியே கிருமி நுழைவதும், கம்பி வளைவதும் நேர்ந்திருக்கின்றன.

சிகிச்சைக்கு இசைபவர் தெரிந்துகொள்ள வேண்டியது, திரும்பக் கிடைக்கும் விரல் பழைய விரலாக இராது என்பது. அது சற்றுக் குட்டையாகும், நடுமூட்டில் மடங்காது, சிலருக்கு நுனி தரையைத் தொடாமல் மிதந்துகொண்டிருக்கும், சிலருக்கு ஒரு பக்கம் மரத்திருக்கும், சில வேளை வளைவு திரும்பவும் வரும். வலியோ புண்ணோ இல்லாத விரலை, பார்வைக்கு நன்றாயில்லை என்ற ஒரே காரணத்துக்காக இத்தனைக்கும் உட்படுத்துவது எனக்கு உசிதமாகப் படவில்லை. வீக்கம் வடிய மூன்று மாதம் ஆகும், ஆறு மாதம் ஆவதும் உண்டு. அதுவரை பழைய ஷூ காலில் ஏறாது; வீக்கம் வடிந்த பிறகும் அதை ஏற்றிப் பார்க்காமல் யாருக்காவது கொடுத்துவிடலாம், அவருடைய கால் அதைவிடச் சிறியதாக இருந்தால்.